கடல் மீனும் மலைநாட்டு மக்களும்

குறிஞ்சிக்கும் நெய்தலுக்கும் யாது தொடர்பு என்று மாணவரிடம் வினவினால், ஒன்று மலை சார்ந்தது, மற்றொன்று கடல் சார்ந்தது, இரண்டும் வெவ்வேறு திணை என்று விடை பகர்ந்து அமர்வர். இலக்கண வகுப்பிலே அது முழுப் புள்ளி பெறும் விடை. ஆயின் நீரின் போக்கை நோக்குவார்க்கு அவ்விடை பாதியே.

எல்லவில் இராவணன் நீர்வீழ்ச்சியாய்ப் பாறையில் விழும் நீர், கிரிந்தி ஓயாவிற் கலந்து, வெல்லவாய, தணமல்வில ஊடாகச் சென்று, லுணுகம்வெகர நீர்த்தேக்கத்தில் இளைப்பாறி, திசமகாராமையின் வயல்களை நனைத்துத் தென்கடலை அடைகின்றது. பதுளை ஓயாவோ துன்ஹிந்தவிற் பாய்ந்து, மகாவலியோடு கூடி, திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவிற் கலக்கின்றது. நாம் மலையிலிருந்து கடலுக்கு அனுப்புவது இது. கடல் நமக்குத் திருப்பி அனுப்புவது யாது? கருவாடும் நெத்தலியும் டின் மீனும். தோட்டத்து லயங்களில் ரொட்டிக்கும் சோற்றுக்கும் துணை நெத்தலிக் கருவாடு. சம்பள வாரத்திலே டின் மீன். கடலை ஒருமுறையேனும் கண்ணாற் காணாத பிள்ளைகள் நம் வகுப்புகளில் இன்னும் உளர். கடலை உண்ணாத பிள்ளை ஒன்றேனும் இல்லை. ஆதலின், கடல் மீனின் உடலிற் பார உலோகங்கள் விளைக்கும் கேட்டினைப் பற்றி மலைநாட்டுக் கல்லூரியொன்றின் விழா மலரிலே எழுதுவது இடம் மாறிய பேச்சாகாது. எழுதுபவன் தமிழாசிரியன், விஞ்ஞான ஆசிரியன் அல்லன் என்பதை மட்டும் வாசகர் நினைவிற் கொள்க.

2021 ஆம் ஆண்டு மே மாதம் 20 ஆந் திகதி, கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த எக்ஸ்பிரஸ் பேர்ள் என்னும் கொள்கலன் கப்பலிலே தீ மூண்டது. சிங்கப்பூரிற் பதிவு செய்யப்பட்ட அக்கப்பலில் 1,486 கொள்கலன்கள் இருந்தன. அவற்றுள் 81 ஆபத்தான சரக்கென்று குறிக்கப்பட்டவை. 25 தொன் நைத்திரிக் அமிலம், எரிசோடா, ஈயக் கட்டிகள், செம்புக் கசடு, இலித்தியம் மின்கலங்கள், இவற்றோடு ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்ரிக் மணிகள். ஜூன் 2 ஆந் திகதி கப்பல் மூழ்கத் தொடங்கியது. மேல் கரை நெடுக வெண்மணிகள் பனி விழுந்தாற்போற் குவிந்து கிடந்த காட்சியை நாம் எல்லோரும் தொலைக்காட்சியிற் கண்டோம். கரையொதுங்கிய உடல்களை எண்ணினார்கள்: 417 ஆமைகள், 48 டொல்பின்கள், 8 திமிங்கிலங்கள். 2025 ஜூலை 24 ஆந் திகதி நமது உயர் நீதிமன்றம், கப்பலுக்குரியவர்கள் நூறு கோடி அமெரிக்க டொலர் நட்ட ஈடு செலுத்துதல் வேண்டும் என ஆணையிட்டது. ஏழை நாட்டின் நீதிமன்றம் ஒன்று இவ்வளவு நிமிர்ந்து பேசியது போற்றுதற்குரியது. பணம் கைக்கு வந்து சேர்வது வேறு கதை.

ஆயினும் ஈண்டு நாம் ஊன்றி நோக்க வேண்டியது ஒன்றுண்டு. எண்ணப்பட்டவை பிணங்கள். பார உலோகமோ பெரும்பாலும் பிணத்தை விட்டுச் செல்வதில்லை. அது மீனை உயிரோடு வைத்துக்கொண்டே குறைக்கின்றது. நீந்துகின்ற, இரை தேடுகின்ற, வலையில் விழுந்து சந்தைக்கு வந்து பளபளவென்று கிடக்கின்ற மீனுக்குள்ளே அதன் வேலை நடக்கின்றது. கரையிற் கிடப்பதை எண்ணுவதோடு நம் கடமை தீர்ந்தது என்று எண்ணுவோமாயின், கேட்டின் சிறுபகுதியை அளந்துவிட்டு மீதியை உண்டு கொண்டிருப்போம்.

அவ்வேலை எவ்வாறு நடக்கின்றது என்பதைச் சற்று விரித்துரைப்பேன். சொற்களைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. தமிழாசிரியனால் அதைச் சொல்லாமல் இருக்க இயலாது. மீன் மூச்சு விடும் உறுப்பை ஊரார் செவுள் என்பர். நம் பாடநூல்கள் பூக்கள் என்னும். சிவந்த இதழ்கள் அடுக்கியது போன்ற அவ்வுறுப்பைக் கண்ட எவரும் அப்பெயரின் பொருத்தத்தை மறுக்கார். எனினும் விளக்கம் வேண்டிச் செவுள் என்றே எழுதுகின்றேன். இரும்பு, செம்பு, நாகம் ஆகியவை மீனுக்குச் சிறிதளவு வேண்டும் உலோகங்கள்; மிகுந்தாற் பகை. இரசம், ஈயம், கட்மியம் ஆகியவை எந்த அளவிலும் வேண்டாதவை.

கடல் மீனின் குருதியிலுள்ள உப்பு, கடல் நீரின் உப்பிலே மூன்றிலொரு பங்கு போன்றதே. ஆதலின் அதன் உடலிலிருந்து நீர் ஓயாது வெளியே கசிந்து கொண்டிருக்கின்றது. நீருக்குள் வாழ்ந்தும் தாகத்தோடு வாழும் உயிர் கடல் மீன். இழந்ததை ஈடுசெய்ய அது கடல் நீரைக் குடிக்கின்றது. குடித்த நீரோடு வந்த மிகை உப்பைச் செவுளிலுள்ள தனிக் கலங்கள் வெளியே தள்ளுகின்றன. அத்தள்ளும் வேலையைச் செய்வது சோடியத்தையும் பொற்றாசியத்தையும் இடம் மாற்றும் ஒரு நொதியம். செம்பும் கட்மியமும் இரசமும் அந்த நொதியத்தைப் பற்றிக்கொண்டு அதன் தொழிலைத் தடுக்கின்றன. நஞ்சு தீண்டிய செவுள் தன்னைக் காத்துக்கொள்ளக் கோழையைச் சுரக்கின்றது; மெல்லிய இதழ்கள் வீங்கி ஒன்றோடொன்று ஒட்டுகின்றன. உள்ளே செல்லும் ஒட்சிசன் குறைகின்றது. வளர்வதற்கும் முட்டையிடுவதற்கும் வைத்திருந்த சத்தை மூச்சு விடுவதற்கும் உப்புத் தள்ளுவதற்குமே மீன் செலவிட நேர்கின்றது. தோட்டத்திலே நோயாளி ஒருவர் உள்ள குடும்பத்தின் வரவு செலவு எவ்வாறிருக்குமோ, அவ்வாறே அம்மீனின் உடலும்.

உணவு வழியாகவும் குடிக்கும் நீர் வழியாகவும் குடலுக்குச் சென்ற உலோகம் ஈரலைச் சேருகின்றது. அங்கே கந்தகம் மிகுந்த ஒரு சிறு புரதம் கட்மியத்தையும் செம்பையும் நாகத்தையும் பற்றிச் சிறை வைக்கின்றது. மெற்றலோதயோனின் எனப்படும் அப்புரதம் 1957 இல் முதன்முதலாகக் குதிரையின் சிறுநீரகத்திலே கண்டறியப்பட்டது. பின்னர் மீனிலும் காணப்பட்டது. ஈரலில் அப்புரதம் மிகுந்திருக்கக் கண்டால், மீன் உலோகத்தோடு போராடிக் கொண்டிருக்கின்றது என்று ஆராய்வோர் கொள்வர். நோய் வெளியே தோன்றுமுன் கிடைக்கும் சாட்சி அது. சிறை நிரம்பினாலோ, மிஞ்சிய உலோகம் கலங்களைச் சிதைக்கத் தொடங்கும். கட்மியம் கல்சியத்தின் வேடம் பூண்டு அதன் வாயில்கள் வழியே நுழைவது. ஈயமும் அவ்வாறே எலும்பிற் குடியேறுகின்றது. குருதிச் சிவப்பை உண்டாக்கும் நொதியமொன்றையும் முடக்குகின்றது. ஈயம் கலந்த நீரில் நெடுநாள் வளர்ந்த மீன்கள் முதுகெலும்பு வளைந்து போனமை பலமுறை காணப்பட்டுள்ளது. முட்டைக்கு வேண்டும் கருப்புரதத்தை ஆக்குவதும் ஈரலே ஆதலால், அங்கே ஏற்படும் இடர் அடுத்த தலைமுறையிற் போய் விடிகின்றது. முட்டையிலும் குஞ்சுப் பருவத்திலும் உள்ள மீனே யாவற்றினும் மென்மையானது. அது இறந்தாற் கரையொதுங்குவதுமில்லை, எண்ணப்படுவதுமில்லை. கப்பல் எரிந்த இடத்துக்கு வடக்கே நீர்கொழும்புக் களப்பு இருக்கின்றது. கண்டல் மரங்களின் வேரடியில் மீன்குஞ்சும் இறாற்குஞ்சும் வளரும் தொட்டில் அது.

உடலை விட்டு அறிவுக்கு வருவோம். மீனுக்கு மோப்பமே பாதி உலகம். இரை எங்கே, பகை எங்கே, இனம் எங்கே என்பதை அது நீரை முகர்ந்தே அறிகின்றது. ஒரு லீற்றர் நன்னீரிற் சில மைக்ரோகிராம் செம்பு கரைந்திருந்தாலே இளஞ் சல்மன் மீன்களின் மோப்ப நரம்புகள் மங்கிப்போகின்றன. காயமுற்ற தன் இனத்தின் வாடை வந்தாலும் அவை அஞ்சி அடங்குவதில்லை. பகை மீனுக்கு எளிதில் இரையாகின்றன. அமெரிக்காவிலே நியூ ஜேர்சி மாநிலத்தில் பைல்ஸ் கிரீக் என்றொரு கழிமுகம் உண்டு. தொழிற்சாலைக் கழிவால் இரசம் படிந்த இடம். அங்கே வாழும் மம்மிச்சொக் என்னும் சிறுமீனைப் பல்லாண்டு ஆராய்ந்தார்கள். அவை இறால் பிடிப்பதிற் சோம்பியவை. பகை வந்தால் விரைந்து விலகாதவை. வயிற்றைத் திறந்து பார்த்தால் இரையினும் சேறே மிகுதி. தூய கழியிற் பிடித்த மீன்களை அச்சேற்றிலும் அவ்வுணவிலும் சில கிழமை வைத்தபோது அவையும் அவ்வாறே மந்தித்தன. அவற்றின் மூளையில் இரசம் ஏறியிருந்தது. பார்வைக்கு அம்மீன்களுக்கு யாதொரு நோயுமில்லை என்பதே இதிற் கவனிக்க வேண்டியது.

இரசத்தின் கதை தனிக்கதை. ஆற்றடிச் சேற்றிலும் கடலடிச் சேற்றிலும் உள்ள பற்றீரியாக்கள் அதனை மெதைல் இரசமாக மாற்றுகின்றன. அவ்வடிவம் உயிருக்குள் எளிதிற் புகும், எளிதில் வெளியேறாது. சிற்றுயிரைச் சிறுமீன் உண்ண, சிறுமீனைப் பெருமீன் உண்ண, ஒவ்வொரு படியிலும் செறிவு ஏறுகின்றது. ஆதலால் நெடுங்காலம் வாழ்ந்து பிறமீனை உண்ணும் வாள்மீனிலும் சுறாவிலும் அது மிகுதி. ஓரிரு ஆண்டே வாழ்ந்து நுண்ணுயிரை உண்ணும் நெத்தலியிலும் சூடையிலும் குறைவு. வாள்மீனிலே ஒரு கிலோகிராமுக்கு ஒரு மில்லிகிராம் இரசமே ஐரோப்பா ஒப்பும் எல்லை. நமது நாட்டிலிருந்து அங்கே செல்லும் வாள்மீன் அந்த எல்லையோடு ஒப்பு நோக்கிச் சோதிக்கப்படுகின்றது. இதனை நான் குறையாகச் சொல்லவில்லை. ஐரோப்பியன் தட்டிற் செல்லும் மீனுக்கு ஒரு தராசு உண்டு. பதுளைச் சந்தையிற் சாக்கு விரித்துக் குவித்திருக்கும் கருவாட்டுக்கு அதே தராசு ஏன் ஒழுங்காக வருவதில்லை என்றுதான் கேட்கின்றேன்.

மினமாட்டாவை அறியாதார் இரார். யப்பானின் தென்பகுதியில் உள்ள அச்சிறு கடற்கரை ஊரில், சிஸ்ஸோ என்னும் இரசாயனத் தொழிற்சாலை இரசம் கலந்த கழிவைக் குடாவில் விட்டது. முதலில் மீன்கள் மயங்கி மிதந்தன. பூனைகள் வெறிகொண்டு சுழன்று மடிந்தன. பின்னர் பிள்ளைகளின் கை கால் முடங்கின. 1956 மே முதலாந் திகதி அந்நோயை அரசாங்கச் சுகாதார நிலையத்துக்கு அறிவித்தவர், அத்தொழிற்சாலையின் சொந்த மருத்துவமனைத் தலைவர் ஹொசொகாவா. 1959 இல் அவர் தொழிற்சாலைக் கழிவைப் பூனைக்கு ஊட்டி, அதே நோய் வரக் கண்டார். அவரது ஏட்டிலே அப்பூனைக்கு 400 ஆம் இலக்கம். நிறுவனம் அம்முடிவை மறைத்தது. கழிவு தொடர்ந்தது, 1968 வரை தொடர்ந்தது. ஹொசொகாவா 1970 இல் மரணப் படுக்கையிற் கிடந்தவாறே நீதிமன்றத்துக்குச் சாட்சி சொன்னார். அறிந்தவர் ஒருவர் இருந்தார், அறிந்தது ஏட்டிலும் இருந்தது. ஏடு பூட்டிக் கிடந்தமையால் ஒன்பது ஆண்டுகள் மக்கள் அந்த மீனையே உண்டார்கள். உலக நாடுகள் கூடி இரசத்துக்கு எதிராகச் செய்த உடன்படிக்கை 2013 இல் அவ்வூரின் பெயரையே சூடிக்கொண்டது.

அது கடற்கரை என்பார்க்குக் கொடைக்கானலைக் காட்டுவேன். நம் எல்லவைப் போன்றே முகில் தவழும் மலையூர். சுற்றுலாப் பயணிகள் விரும்பும் ஊர். அமெரிக்காவிலே நியூ யோர்க் மாநிலத்தில் இயங்கிய வெப்பமானித் தொழிற்சாலை ஒன்று எண்பதுகளின் முற்பகுதியில் அங்கே பெயர்த்துக் கொண்டுவரப்பட்டது. பின்னர் இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் கைக்கு வந்தது. இரசம் படிந்த கண்ணாடிக் கழிவு ஊரிலுள்ள பழைய இரும்புக் கடையிற் கிடக்கக் கண்டு மக்கள் கிளர்ந்தெழ, 2001 இல் ஆலை மூடப்பட்டது. ஆலை மூடிய பின்னரும் கொடைக்கானல் ஏரியின் நீரிலும் சேற்றிலும் மீனிலும் இரசம் இருந்ததை ஐதராபாத்து ஆய்வாளர்கள் 2006 இல் எழுதினார்கள். 2016 இல் 591 பழைய தொழிலாளருடன் நிறுவனம் உடன்பாடு செய்தது. மலையிலே இரசம் கொட்டினால் அது மலையோடு நிற்பதில்லை. காட்டோடைகள் வழியே சமவெளிக்கு இறங்கும் என்பதே அக்கிளர்ச்சியின் அச்சமாயிருந்தது.

நம் தோட்டங்களில் இரச ஆலை இல்லை. எனினும் நாம் முற்றிலும் கை கழுவிவிட இயலாது. 1946 இல் இலங்கைத் தேயிலையைக் கொப்புள நோய் பற்றியது. அந்நாள் முதல் அதற்கு மருந்து செம்பு. பல தலைமுறையாக மழைக்காலங்களிற் செம்பு மருந்தை நம்மவரே தோளிற் சுமந்து தெளித்து வந்திருக்கின்றனர். கொசுபேற்று உரங்களிற் பாறையோடு பிறந்த கட்மியம் சிறிதளவு உண்டு. செங்குத்தான சரிவு, கனத்த மழை, மண்ணரிப்பு ஆகியவற்றை ஊவா மாகாணத்தாருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. மண் இறங்கும்போது மண்ணைப் பற்றியது அனைத்தும் இறங்கும். எரிந்த கப்பலொடு நம் மலைச்சரிவை ஒப்பிடுவது நீதியாகாது. ஆனால் கடலுக்குப் போகும் கணக்கை எழுதுபவன், துறைமுகத்தை மட்டும் பார்த்து எழுதினால் அக்கணக்கு நிறைவுறாது. மேற்கே களனி கங்கை, தன் கரையிலுள்ள ஆலைகளின் கழிவோடு கொழும்புக் கடலில் நாள்தோறும் விழுகின்றது. அது எரியவில்லை; ஆகவே தொலைக்காட்சியிலும் வரவில்லை.

நான் சொல்லப் புகுந்தது இதுவே. நாட்டின் கடலோரம் நெடுகக் குறித்த சில இடங்களில், குறித்த சில மீன்களை, ஆண்டுதோறும் அதே பருவத்திற் பிடித்து, தசையை மட்டுமன்றிச் செவுளையும் ஈரலையும் சோதித்து, முடிவை மக்கள் படிக்கத் தக்க சிங்களத்திலும் தமிழிலும் மீன் சந்தையின் வாயிலிலேயே ஒட்டுதல் வேண்டும். கப்பல் மூழ்கும்போது மட்டும் சோதிப்பது போதாது. முன்னர் இருந்த நிலை தெரியாதவிடத்துப் பின்னர் வந்த கேட்டை எதனோடு ஒப்பிடுவது? இறக்குமதியாகும் நெத்தலியும் இதற்குள் அடங்க வேண்டும்; நாம் உண்ணும் நெத்தலியிற் பெரும்பங்கு தாய்லாந்திலிருந்தும் அரபுக் கரையிலிருந்தும் வருவது என்பதைப் பலர் அறியார். 1981 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த நாரா என்னும் நீர்வாழ் வள ஆராய்ச்சி நிலையம் கொழும்பில் இருக்கின்றது. ஆட்களும் கருவிகளும் உள்ள இடம் அது. அது செய்யும் ஆய்வுகள் ஆங்கில ஏடுகளில் வெளிவருகின்றன. அவற்றைச் சந்தைவரை கொண்டுவர ஆராய்ச்சியாளனால் மட்டும் இயலாது. நீதிமன்றம் ஆணையிட்ட நட்ட ஈடு வருமாயின், அதில் ஒரு பங்கு இதற்கென்று பூட்டி வைக்கப்பட வேண்டும் என்பது என் துணிபு.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அது இலேசாகத் தள்ளத்தக்கதன்று. மீனில் நஞ்சு என்று ஒட்டினால் விலை விழும், மீனவன் வயிற்றில் அடிப்பதாகும் என்பர். 2021 இல் நடந்ததை நினைத்துப் பார்க்குமாறு அவர்களை வேண்டுவேன். மேல் கரையிலே மீன்பிடி தடைசெய்யப்பட்ட நாட்களிற் பிறகரையிற் பிடித்த நல்ல மீனையும் வாங்க அஞ்சினார்கள் மக்கள். அந்த அச்சத்தைப் பரப்பியது சோதனை முடிவன்று, சோதனை முடிவு இல்லாமை. எண் இல்லாத இடத்தில் வதந்தி விலை நிர்ணயம் செய்கின்றது. ஆண்டுதோறும் தூய்மை என்று ஒட்டப்படும் துறையின் மீனவன் அடுத்த முறை கப்பல் எரியும்போது அத்தாளையே கையிற் பிடித்துக்கொண்டு விற்பான்.

மற்றும், மீன் உண்ணற்க என்பது என் கருத்தென்று எவரும் கொள்ளற்க. தோட்டத்துப் பிள்ளைக்கும் கருவுற்ற தாய்க்கும் கைக்கெட்டும் விலையிற் கிடைக்கும் புரதம் அதுவே. முழு முள்ளோடு உண்ணும் நெத்தலி கல்சியமும் தருவது. ஆனால் ஒன்றை மறத்தலாகாது. உடலில் இரும்பும் கல்சியமும் குறைந்தவர்கள் ஈயத்தையும் கட்மியத்தையும் பிறரினும் மிகுதியாக உறிஞ்சுகின்றனர். குருதிச் சோகை எந்த லயங்களில் மிகுதி என்பது இந்த மலரைப் படிக்கும் மருத்துவர்களுக்குத் தெரியும். ஆகவே நல்ல மீன் எவருக்கேனும் உறுதியாக வேண்டுமாயின் அது முதலில் நம்மவருக்கு வேண்டும்.

பதுளையிலேயே ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் அமைந்திருக்கின்றது; நீர்வாழ் வளத் தொழினுட்பம் அங்கே ஒரு பட்டப்படிப்பு. நம் கல்லூரியின் உயர்தர மாணவர்கள் சிலரேனும் அத்துறையை நாட வேண்டும். கிரிந்தி ஓயாவில் நான்கு இடம் குறித்து, எல்லவில் தொடங்கி ஆற்றுவாய் வரை நீரும் சேறும் மீனும் எடுத்துச் சோதிப்பது ஒரு மாணவ குழுவுக்கு ஓராண்டு வேலை. கிரிந்தவில் வாங்கும் சூடையின் ஈரலையும், பதுளைச் சந்தையில் வாங்கும் நெத்தலிப் பொட்டலத்தையும் அதே மேசையில் வைத்துச் சோதிக்க என்ன செலவாகும் என்பதைப் பழைய மாணவர் சங்கத்தின் அடுத்த பொதுக்கூட்டத்திற் பிரேரணையாக முன்வைக்க எண்ணியுள்ளேன். வழிமொழிய இருவர் வேண்டும்.